உத்தமனின் ஞாயிற்றுக்கிழமைக் கடல்

இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ஃபன் ஃபேர் நடக்கக் கூடாது. உத்தமன் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தபோது அவர் பனியனோடு மாடிப்படியில் உட்கார்ந்து மகள் சௌம்யாவின் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய முடிவுகளை நாற்காலியில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லையே.

சௌம்யா மூன்றாம் வகுப்பு. பொம்மனஹள்ளியில் அவர்கள் குடியிருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் பள்ளிக்கூடம். நல்ல பள்ளிக்கூடம். பிரேயர் நடக்கும் முற்றத்துக்கு மட்டும் கூரை கிடையாது. பெங்களூர்த் தூறலுக்கு நேரம் காலம் தெரியாது. கடவுளை நினைத்துக் கண்ணை மூடும்போதுதான் பொழியும். பிள்ளைகள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாடுவார்கள். அந்த முற்றத்துக்கு ஷீட் போட வேண்டும், அதற்குப் பெற்றோர் சங்கம் பணம் திரட்ட வேண்டும். இதுதான் விஷயம்.

எப்போதும் ஃபன் ஃபேர் நடத்தித்தான் திரட்டுவார்கள். நடத்துகிறவள் பெர்னதெத். சங்கத்தின் செக்ரட்டரி. உத்தமன் வீட்டுக்குக் கீழ் போர்ஷனில் குடியிருப்பவள். கோலார் தங்கவயலில் பிறந்து, சர்ச் பஜார்களில் கேக் விற்று வளர்ந்தவள். போன வருஷம் அவள் உத்தமனை வளையம் எறியும் ஸ்டாலில் நிறுத்தினாள். சோப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் குறிவைத்து ஊரே வளையம் எறிந்தது. பாதி வளையம் உத்தமன் கழுத்தில் விழுந்தது. ஒரு பையன், "ஆன்ட்டி, இந்த அங்கிள் எனக்குத்தானே?" என்று கேட்டான். உத்தமனின் மனைவி தமயந்தி தூரத்திலிருந்து, "எடுத்துட்டுப் போப்பா," என்றாள்.

ஆனால் அந்த அவமானம் எல்லாம் உத்தமனுக்குப் பெரிதில்லை. பெரிது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அவருக்கு பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. வாரம் முழுக்க நட்டும் போல்ட்டும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலோரம் பாயை விரித்துப் படுப்பார். வெளியே பக்கத்து வீட்டுக் கொய்யா மரம் மெல்ல ஆடும். மஞ்சள் வெயில் இலை இலையாகச் சுவரில் அசையும். கீழே பெர்னதெத் வீட்டு ரேடியோ யாருக்கும் கேட்காத குரலில் பாடிக்கொண்டிருக்கும். ஓசூர் ரோட்டு லாரிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, அலைச் சத்தம் ஆகும்.

பெங்களூருக்குக் கடல் கிடையாது. உத்தமனின் கனவில் உண்டு. மடிவாளாவில் தொடங்கி பொம்மனஹள்ளி வரைக்கும் ஒரே நீலம். லாரிகள் கப்பல் மாதிரி நிதானமாக மிதக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று டிராஃபிக் போலீஸ்காரர் திமிங்கலங்களுக்குக் கை காட்டுவார். முழுகிப்போன பஸ் ஸ்டாப் போர்டைச் சின்ன மீன்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கும். நடுவில் ஒரு படகு. அதில் உத்தமன். துடுப்பு கிடையாது. படகுக்கே வழி தெரியும். லுங்கி நனையாது. யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

இதில் ஓர் அதிசயம். கனவு ஒரு ஞாயிற்றில் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஞாயிறு தொடங்கும். பொங்கலுக்குக் கிளம்பிய படகு ஆடி மாதத்தில் பாதிக் கடல் தாண்டிவிட்டது. இப்போது எதிர்க்கரை தெரிகிறது. கரையில் யாரோ நிற்கிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம்தான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், வாழ்க்கையில் வேறு ஒன்றும் வேண்டாம் என்று உத்தமனுக்குத் தோன்றியது.

தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியிடம் போய்ச் சொன்னார்.

"தமயந்தி, இன்னைக்குக் கரை தெரிஞ்சுது."

"வெள்ளச் சட்டையிலயா? கழட்டிக் குடுங்க, சோப்புல ஊற வெக்கிறேன்."

"அந்தக் கறை இல்லம்மா. கடற்கரை. கனவுல."

"ஓ." தமயந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சொல்லுங்க."

"கரையில ஆள் நிக்கிது. நீலப் புடவை. வெள்ளையா எதையோ வெச்சு ஆட்டிக் கூப்பிடுது. கைக்குட்டைன்னு நெனைக்கிறேன்."

அரிசி களைகிற சத்தம் நின்றது.

"புடவையா?"

"ஆமா."

"அப்ப கூப்பிடுது இல்ல. கூப்பிடறா."

"தூரத்துல சரியாத் தெரியல."

"நீலம்னு தெரியுது. புடவைன்னு தெரியுது. கைக்குட்டைன்னு தெரியுது. மூஞ்சி மட்டும் தெரியல."

"பனி அடிக்குது."

"எப்பலேருந்து நடக்குது இது?"

"பொங்கல்லேருந்து."

"பொங்கலுக்கு எனக்கு எடுத்த புடவை என்னா கலரு?"

உத்தமன் யோசித்தார். கனவுப் புடவையின் மடிப்பு எல்லாம் கண்ணில் நின்றது. வீட்டுப் புடவை நினைவுக்கு வரவில்லை.

"நீலம்?"

"மாம்பழ மஞ்சள்," என்று சொல்லிவிட்டுத் தமயந்தி மறுபடி அரிசி களைந்தாள். உத்தமன் பயப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. அவரோ பிரச்சினை தீர்ந்தது என்று கொட்டாவி விட்டார்.

இந்த நிலையில்தான் பெர்னதெத் ஃபன் ஃபேர் என்று ஆரம்பித்தாள். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு முழுக்க. கரைக்குப் பக்கத்தில் வந்த படகை நடுக்கடலில் கட்டிப்போடுவதா? அதனால்தான் அந்த முடிவு. ஸ்டாலும் வேண்டாம், வளையமும் வேண்டாம். ஒவ்வொரு வீடும் முடிந்ததை நேராகக் கொடுத்துவிடட்டும். நேரடி நன்கொடை.

மறுநாளே கம்பெனி பஸ்ஸில் பிரச்சாரம் தொடங்கியது. பஸ்ஸில் பாதிப் பேர் அந்தப் பள்ளிக்கூடத்துத் தகப்பன்மார்கள். உத்தமன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினார்.

"காசை எடு, கவர்ல போடு, காலை நீட்டு. அவ்ளோதான் நம்ம கொள்கை."

லேத் மெஷின் இளங்கோவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "போன வருஷம் லெமன் அண்ட் ஸ்பூன் ரேஸ்ல என்னை ஓட வுட்டாங்க சார். வாயில ஸ்பூன். எங்க மாமனார் கைதட்டிப் பாத்துகிட்டிருந்தாரு."

"இந்த வருஷம் அந்த ஸ்பூனால பாயசம் சாப்புடுங்க இளங்கோ. சாப்புட்டுப் படுங்க."

"கண்டிப்பா நம்ம ஓட்டு உங்களுக்குத்தான்."

பஸ் பொம்மசந்திரா சேர்வதற்குள் எல்லோர் ஓட்டும் விழுந்துவிட்டது. மீதி இருந்தது வீட்டு ஓட்டு. வீட்டுக்கு ஒரு ஓட்டுதான், அதையும் கையைத் தூக்கிப் போடுவது தமயந்திதான். உத்தமன் இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"நான் நேரடி நன்கொடைதான் சரின்னு கூட்டத்துல பேசப்போறேன்."

"பேசுங்க."

"நீ பெர்னதெத் கட்சியாச்சே."

"ஆமா. ஏங்க, ஃபன் ஃபேர்னா உங்களுக்கு எத்தினி ஞாயிறு போவும்?"

"ஒண்ணு. சாமான் வாங்க அலையற ஞாயித்தையும் சேத்தா ரெண்டு."

"அவ்ளோதானா?" என்றாள் தமயந்தி. குரல் ஏனோ இறங்கியது. "நேரடின்னா எத்தினி போவும்?"

"ஒண்ணுகூடப் போவாது. அதான் அதோட அழகே."

தமயந்தி சேலை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றி யோசித்தாள். பிறகு சிரித்தாள். கல்யாணம் ஆன புதிதில் பார்த்த சிரிப்பு.

"சரிங்க. நானும் உங்க கட்சி."

உத்தமனுக்குத் தன் பேச்சுத் திறமை மேல் மரியாதை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு காலை, அந்தக் கூரையில்லாத முற்றத்திலேயே கூட்டம். தலைமையாசிரியை ருக்மிணி மேடம் நடுவில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லோருக்கும் நீலப் புடவைதான் யூனிஃபார்ம், அவருக்கும் அதுவே. மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து இனிமையாகப் பேசுவார். பெஞ்சுகளில் என்றைக்கும் இல்லாத கூட்டம். கூடுதலாக வந்த அத்தனை பேரும் ஆண்கள்.

பெர்னதெத் எழுந்தாள். "ஃபன் ஃபேர்னா பிள்ளைங்க எல்லாம் ஒரு நாள் சந்தோஷமா இருக்கும். நாமளும் ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசுவோம். கவர்ல காசு போட்டுக் குடுத்தா அதுல என்னா அண்ணா இருக்குது? பிள்ளைங்க சிரிக்கும். கவர் சிரிக்குமா?"

"கவருக்குள்ள இருக்கிற நோட்டுல காந்தி சிரிக்கிறாரேம்மா," என்றார் உத்தமன். ஆண்கள் பகுதி பெஞ்சைத் தட்டியது. அந்தத் தட்டலில் அவர் மிதந்துபோனார். ஷூ பாலீஷ் போடுகிறவர், வளையம் வாங்கியவர், இப்போது ஒரு தலைவர். நேரடி, நேரடி என்று பத்துத் தடவை சொன்னார். நேர்மைக்கும் நேரடிக்கும் சொந்தம் இருக்கிறது என்றார். நேரத்தை மிச்சம் பிடிப்பதும் நேரடிதான் என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். காடு மாதிரி கைகள். எல்லாவற்றுக்கும் மேலே தமயந்தியின் கை. பெர்னதெத் திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். தமயந்தி குனிந்து அவள் காதில் என்னமோ சொன்னாள். பெர்னதெத் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷம் அவள் கையும் மேலே போனது. உண்மைக்குத்தான் எவ்வளவு சக்தி என்று உத்தமன் நெகிழ்ந்தார்.

"தும்ப ஒள்ளேது, ரொம்ப நல்லது," என்றார் ருக்மிணி மேடம். "ஆனா பிள்ளைங்க கையில கவர் குடுத்து அனுப்பக் கூடாது. போன தடவ எக்ஸாம் ஃபீஸ் கவர் ஒண்ணு டிஃபன் பாக்ஸ்ல போயி, சித்ரான்னத்தோட கலந்துடுச்சு. பாதி நோட்டு அந்த மகு, அந்தக் குழந்தை, சாப்பிட்டுடுச்சு."

"அப்ப எப்படி மேடம்?" என்றார் இளங்கோவன்.

"நேரடின்னு நீங்களே சொன்னீங்க அல்லவா? ஒருத்தர் நேரா வீட்டு வீட்டுக்குப் போயி வாங்கணும். ரசீது குடுக்கணும்."

"எந்த நேரத்துல மேடம் எல்லாரும் வீட்ல இருப்பாங்க?" இதைக் கேட்டது பெர்னதெத். கேட்டுவிட்டுத் தமயந்தியைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்," என்றாள் தமயந்தி. "எல்லா ஆம்பளைங்களும் படுத்திருப்பாங்க. தப்பிச்சு ஓட முடியாது."

"சரி, யாரு போறீங்க?"

ஆண்கள் எல்லோரும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள். கூரை இல்லாததால் வானத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் தமயந்தி எழுந்தாள். முந்தியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குரலில் ஒரு கூச்சத்தோடு பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரப் பத்தி நானே சொல்றது தப்புதான். ஆனா சொல்லாம இருக்க முடியல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கறப்பகூட அவரு வாயில வர்றது ஒரே வார்த்தை. 'அக்கறை, அக்கறை'ன்னு புலம்புறாரு. யாரு மேல இவ்ளோ அக்கறைன்னு எனக்குப் புரியாமலே இருந்துச்சு. இப்ப புரியுது. இந்தப் பிள்ளைங்க மேல."

முற்றம் உருகிப்போனது.

உத்தமன் துள்ளி எழுந்தார். "அது அந்த அக்கறை இல்ல. இது அக்கரை."

அக்கறைக்குப் பெரிய ற, அக்கரைக்குச் சின்ன ர. எழுதிக் காட்டினால் யாருக்கும் புரியும். வாயால் சொன்னால் பொம்மனஹள்ளியில் இரண்டும் ஒன்றுதான். அவர் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் பிள்ளைகள் மேல் இருந்த அக்கறைதான் அதிகமாகிக்கொண்டே போனது.

"பின்ன எந்த அக்கறை சார்?" என்றார் ருக்மிணி மேடம்.

"சொல்லுங்களேன்," என்றாள் தமயந்தி. "எந்த அக்கரை, அங்க யாரு நிக்கிறாங்க, என்னா புடவைன்னு எல்லார்க்கும் வெவரமாச் சொல்லுங்க."

உத்தமன் சுற்றிப் பார்த்தார். அத்தனை பெண்களும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தார். மூடினார். அந்த இடைவெளியை அடக்கம் என்று நினைத்து இளங்கோவன் கைதட்ட ஆரம்பித்தார். ரசீதுப் புத்தகம் உத்தமன் கைக்கு வந்து சேர்ந்தது.

"நேரடின்னா காலடிதானே அண்ணா," என்று பெர்னதெத் போகிறபோது சொல்லிவிட்டுப் போனாள். "நல்ல செருப்பா போட்டுக்குங்க."

ஒரு ஞாயிறுதானே என்று கிளம்பினார் உத்தமன். மத்தியானத் தெரு காலியாகக் கிடந்தது. வெயிலும் தூறலும் ஒன்றாகப் பெய்தன. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு ஃபேன் சுற்றும் சத்தம், ஒரு குறட்டை. ஊரே ஒரே பாயில் படுத்திருப்பது போல இருந்தது. தான் மட்டும் விழித்துக்கொண்டு அடுத்தவர்கள் தூக்கத்துக்கு நடுவே நடப்பது அவருக்கு வினோதமாகவும் அழுகையாகவும் இருந்தது. கதவைத் தட்டினால், கன்னத்தில் பாய்க் கோடுகளோடு ஒருவர் திறப்பார்.

"இன்னைக்கு வேணாம் சார். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் போனால், அதற்கு அடுத்த வாரம். பஸ்ஸில் உயிரைக் கொடுக்கிறேன் என்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சில்லறை இல்லை என்றார்கள். இளங்கோவன் வீட்டில் அவர் மனைவி சரளா வாசலிலேயே உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க அண்ணா. அவரு தூங்கறாரு."

"கொஞ்சம் எழுப்பும்மா."

"கனவு கண்டுட்டிருக்காரு. எழுப்பினா கோச்சுக்குவாரு. நீங்கதான் காலை நீட்டிப் படுக்கச் சொன்னீங்களாமே."

திறந்த கதவு வழியாக உத்தமன் பார்த்தார். இளங்கோவன் காலை நீட்டிப் படுத்து, எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். உத்தமனுக்குப் பொறாமையில் நெஞ்சு எரிந்தது.

திரும்பும் வழியில் ஒரு சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடிப் பார்த்தார். காற்று வந்தது. லாரிச் சத்தம் மெல்ல அலையானது. பாதம் குளிர்ந்தது. கடல் வந்துவிட்டது என்று மனசு பொங்கியது. கண்ணைத் திறந்தால் தெருக்குழாய் உடைந்த தண்ணீர்.

ஆகஸ்ட் போனது. செப்டம்பர் போனது. ஃபன் ஃபேர் வைத்திருந்தால் எப்போதோ முடிந்து, கழுத்தில் விழுந்த வளையமும் மறந்துபோயிருக்கும். முற்றத்தில் இரும்புத் தூண்கள் நட்டார்கள். "அப்பா, தூணு வந்துடுச்சு, நான் தொட்டுப் பாத்தேன்," என்று சௌம்யா சொன்னபோது அவருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலும் ஒரு ஓரத்தில் ஆளில்லாத படகு ஒன்று நடுக்கடலில் ஆடிக்கொண்டிருந்தது. கரையில் நின்றவள் இன்னும் நிற்கிறாளா, கை வலித்துப் போய்விட்டாளா?

தசராவுக்கு முந்தைய ஞாயிறு, மழை பலமாகப் பிடித்துக்கொண்டதால் உத்தமன் பாதியிலேயே வீடு திரும்பினார். சட்டைக்குள் ரசீதுப் புத்தகம். படியேறிக் கதவைத் தள்ளினார்.

ஜன்னலோரம் அவர் பாய். அதில் அவர் தலையணை. அதில் தமயந்தி. மழைக்கு நடுவே வந்த லேசான வெளிச்சம் கொய்யா இலைகளாக அவள் முகத்தில் அசைந்தது. உதடு என்னமோ முணுமுணுத்தது. பிறகு ஒரு புன்னகை. அவளை இவ்வளவு நிம்மதியாக உத்தமன் பார்த்தே வெகு காலம் ஆகியிருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

வெகு நேரம் கழித்துத் தமயந்தி கண் திறந்தாள். கன்னத்தில் பாய்க் கோடுகள்.

"வந்துட்டீங்களா?"

"நீ எப்பலேருந்து மத்தியானம் தூங்கறே?"

"நீங்க வசூலுக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்து. பாய் சும்மாதானே கெடக்குது." சோம்பல் முறித்தாள். "நல்ல எடங்க இது. படுத்தவொடனே தண்ணி வந்துடுது."

உத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னா தண்ணி?"

"கடல். நடுவுல ஒரு படகு. யாரோ பாதியில வுட்டுட்டுப் போயிருந்தாங்க. ஏறிட்டேன்."

"அது என் படகு."

"பேரு எழுதலியே."

"சரி, எதுவரைக்கும் போனே?"

"அக்கரைக்கே போயிட்டேன். இன்னைக்குத்தான் எறங்கினேன்."

மழை நின்றுவிட்டது போல் இருந்தது. உத்தமன் பாயருகே நகர்ந்து வந்தார். இத்தனை மாதம் ஏங்கியது ஒரு கை தூரத்தில் இருந்தது.

"நீலப் புடவை?"

"நிக்கிறாங்க."

"யாரு?"

தமயந்தி அவசரப்படவில்லை. எழுந்து கூந்தலை முடிந்தாள். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். உத்தமன் பின்னாலேயே போய் நின்றார்.

"ருக்மிணி மேடம்தாங்க," என்றாள். "அங்கயும் ஒரு பள்ளிக்கூடம் இருக்குது, அதுக்கும் கூரை கெடையாது."

"அப்ப அந்தக் கைக்குட்டை?"

"கைக்குட்டை இல்லீங்க. ரசீது புக்கு."